சளி மாத்திரை வாங்கும் முன்

சளி எல்லோருக்கும் வரும். மூக்கு ஒழுகும். தும்மல் வரும். தொண்டை கரகரக்கும். தலை கனக்கும். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமிதான் இதற்குக் காரணம். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் சளி தானாகவே போய்விடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இருக்கலாம்.

மாரடைப்பு வந்தவர்கள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் சளி பிடிக்கும். ஆனால் எல்லோரும் வாங்கும் சளி மாத்திரை அவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். அதனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இதில் என்ன மருந்து இருக்கிறது?"

மருந்துக் கடையில்

பெங்களூரில் ஒரு அம்மா பூக்கட்டி விற்கிறார். அவருடைய கணவருக்கு மாரடைப்பு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. கணவர் தினமும் ஐந்து மாத்திரை சாப்பிடுகிறார். ஜனவரி மாதக் குளிரில் அவருக்குச் சளி பிடித்தது. இரவெல்லாம் மூக்கடைப்பு. தூக்கமே இல்லை. அம்மா மருந்துக் கடைக்குப் போனார்.

"தம்பி, சளிக்கு நாலு மாத்திரை குடுங்க."

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவர் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஆமா தம்பி. ஹார்ட் மாத்திரை சாப்பிடுறார்."

"என்னென்ன மாத்திரைம்மா?"

"ஒண்ணு வெள்ளை. ஒண்ணு ரோஸ் கலர். ஒண்ணு சின்னதா இருக்கும்."

"கலரை வெச்சுச் சொல்ல முடியாதும்மா. கம்பெனி மாறினா கலரும் மாறிடும். பேர் தெரியணும். காலி அட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க."

அம்மா வீட்டுக்குப் போய் அட்டைகளை எடுத்து வந்தார். அட்டையில் இருந்தது இங்கிலீஷ் எழுத்து. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"நீங்க படிங்க தம்பி. நான் எழுதிக்கிறேன்" என்றார்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். அம்மா எழுத்துக் கூட்டி எழுதினார். ஆஸ்பிரின். குளோபிடோக்ரெல். அடோர்வாஸ்டாடின். மெட்டோப்ரோலால். ராமிப்ரில்.

பிறகு கடைக்காரர் சளி மாத்திரை அட்டையைப் படித்தார். அந்த ஒரே மாத்திரையில் மூன்று மருந்துகள் இருந்தன. பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின்.

"நடுவுல இருக்கிற மருந்து உங்க வீட்டுக்காரருக்கு வேண்டாம்மா. வெறும் பாராசிட்டமால் தர்றேன். காய்ச்சல், உடம்பு வலி இருந்தா மட்டும் குடுங்க. குறையலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

ஏன் வேண்டாம்?

சளி பிடித்தால் மூக்கின் உள்ளே இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் வீங்கும். அதனால் மூக்கு அடைக்கும். ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் ஆகிய மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆனால் மாத்திரையாகச் சாப்பிடும்போது மூக்கில் மட்டும் அவை வேலை செய்வதில்லை. உடம்பு முழுவதும் போகின்றன.

குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். நெஞ்சு படபடக்கலாம். அழுத்தத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ஏற்றுவதற்கு இன்னொரு மாத்திரை என்று ஆகிவிடும்.

ஃபினைல்எஃப்ரினை வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழு சொன்னது. பலன் இல்லாத மருந்துக்காக ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

வலி மாத்திரையிலும் கவனம்

உடம்பு வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைச் சிலர் சாப்பிடுகிறார்கள். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். பலவீனமான இதயத்துக்கு இது பெரிய சுமை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தம் கசியவும் கூடும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். அடுத்த மாத்திரைக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையை வாங்காதீர்கள். அதில் உப்புச் சத்து அதிகம். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது குடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுகிறவர்களும் கேட்க வேண்டும்.

சிவப்புக் கோட்டைப் பாருங்கள்

சில மருந்து அட்டைகளில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை வாங்கக் கூடாது என்று அதற்குப் பொருள். கிருமிக் கொல்லி மருந்துகளில் இந்தக் கோடு இருக்கும். அவை வைரஸைக் கொல்லாது. அதனால் சாதாரணச் சளிக்கு அவை பயன்படாது. அவற்றில் சில, இதய மாத்திரையோடு சேர்ந்தால் தொல்லை தரும். போன தடவை மீந்த மாத்திரையை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

வீட்டு வைத்தியம்

வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையில் கொப்பளிக்கலாம். விழுங்காமல் துப்பிவிட வேண்டும். சூடான கஞ்சி, உப்புக் குறைந்த ரசம் நல்லது. துளசி, இஞ்சியைச் சமையலில் சேர்க்கும் அளவுக்குச் சேர்க்கலாம். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்து நல்லது. ஆவி பிடிக்கும்போது வெந்நீர் மேலே கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிமதுரம் மட்டும் வேண்டாம். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று பலர் அதை மெல்லுவார்கள். கஷாயத்திலும் போடுவார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பில் உள்ள பொட்டாசியம் சத்தைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரை, டிகாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து.

தண்ணீரை அளவாகக் குடிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், சளி என்றாலும் அந்த அளவைத் தாண்டாதீர்கள்.

இதய மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"சளி போகட்டும், பிறகு சாப்பிடலாம்" என்று சிலர் இதய மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. சளி வந்தாலும் தினமும் சாப்பிட வேண்டும்.

இன்னொரு செய்தி. ராமிப்ரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வாரக்கணக்கில் நிற்காது. அது சளி இருமல் அல்ல. மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

1. நெஞ்சு வலித்தால், நெஞ்சை அழுத்தினால்.
2. மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் உட்கார வேண்டி வந்தால்.
3. மயக்கம் வந்தால், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தால்.

இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

கால் வீங்கினாலும், சில நாளில் உடம்பு எடை 2 கிலோ கூடினாலும், காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்களே எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவரின் பெயரை மேலே எழுதுங்கள். மருந்துக் கடைக்காரரையோ செவிலியரையோ அட்டையைப் படிக்கச் சொல்லி, மாத்திரைகளின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எத்தனை வேளை என்றும் எழுதுங்கள். கீழே இப்படி எழுதுங்கள்:

"கேட்காமல் சாப்பிடக் கூடாதவை: ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்."

இந்தத் தாளை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். மருந்துக் கடைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துச் செல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. மாத்திரையின் நிறத்தைச் சொன்னால் ஏன் போதாது?
2. சிவப்புக் கோட்டுக்கு என்ன பொருள்?
3. உங்கள் தெருவில் யார் யார் இதய மாத்திரை சாப்பிடுகிறார்கள்? அவர்களில் யாருக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டப் போகிறீர்கள்?