ஆச்சியை வரைதல்

வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்திமகாலத்தை நெருங்கும்போது, அவருடைய ரூபத்தைத் தாளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை சித்திரக்காரன் மனத்தில் எழுவது இயற்கையே ஆனாலும், அந்த ஆசையில் பாசம் எவ்வளவு, தொழில் வெறி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அவனுக்கே எளிதன்று. 1879ஆம் ஆண்டில் தம் மனைவி கமீய் உயிர் நீத்துக் கிடந்தபோது, அந்த முகத்தில் மாறிக்கொண்டிருந்த நீலத்தையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தையும் தம் கண் தன்போக்கில் கணக்கெடுத்துக்கொண்டிருந்ததை உணர்ந்து திடுக்கிட்டதாக, பிரெஞ்சுச் சித்திரக்காரர் மோனே பிற்காலத்தில் நண்பர் கிளெமான்ஸோவிடம் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் கிராமத்து வீட்டில் ஆச்சியின் கடைசி வருஷங்களில் அவளருகே உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களை நிரப்பியவன் என்ற முறையில், அந்தத் திடுக்கிடல் எனக்கும் பழக்கமானதுதான். கண்ணின் சுபாவத்தை மாற்ற முடியாது. ஆனால் அதற்குச் சில நியமங்கள் ஏற்படுத்தலாம்.

அவற்றுள் சம்மதத்தையே தலையாயதாக வைக்கிறேன். நான் கேட்டபோது ஆச்சி சற்று யோசித்துவிட்டு, "எய்யா, பல் செட்டு இல்லாத நேரத்துல வரையாத, தல சீவாம வரையாத, குளிக்கையில அந்தப் பக்கமே வராத, மத்தபடி என்னமும் செஞ்சிக்கோ" என்று மூன்று நிபந்தனைகளோடு அனுமதி தந்தாள். படம் எழுதினால் ஆயுசு குறையும் என்று அத்தை தடுத்தபோதும், "ஏட்டி, ஆயுசு என்ன பென்சில் முனையிலயா இருக்கு? அவம் வரையட்டும், நீ போயி காப்பியப் போடு" என்று ஆச்சியே வழக்கைத் தீர்த்துவைத்தாள். ஆனால் ஒரு முறை பெற்ற சம்மதம் ஆயுள் சாசனம் ஆகிவிடாது. பின்னால் அவளுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கிய நாட்களில், ஒவ்வொரு தடவையும் நோட்டை எடுத்துக் காட்டி, "ஆச்சி, வரையட்டுமா?" என்று புதிதாகக் கேட்டுக்கொண்டுதான் பென்சிலைச் சீவினேன். முகத்தைச் சுளித்தால் மூடிவைத்துவிட்டுக் காலைப் பிடித்துவிடுவேன்.

சாமான்கள் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. 2பி முதல் 6பி வரையிலான பென்சில்களும், மடியில் அடங்கும் நோட்டும் போதும். கரிக்கோலின் தூளும், அது உதிராதிருக்கத் தெளிக்கும் திரவத்தின் நெடியும் இருமல்காரர் படுத்திருக்கும் அறைக்கு ஆகாதவை. அந்தத் தெளிப்பு வேலையை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உட்காரும் இடந்தான் முக்கியம். கட்டிலில் கிடப்பவரை நின்றபடி மேலிருந்து வரைந்தால், வரைகிறவன் எவ்வளவு அன்புடையவனாக இருந்தாலும், சித்திரத்தில் வைத்தியர் நோயாளியைப் பார்க்கும் பார்வையே வந்து சேரும். கட்டிலோரத்தில் முக்காலியிலோ தரையிலோ அமர்ந்து, அவர் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி வைத்துக்கொண்டால், அவரும் நம்மைப் பார்க்கிறார் என்பது படத்திலேயே தெரியும்.

முதிய முகத்தை எழுதப் புகும் இளைஞர்கள் பெரும்பாலும் சுருக்கங்களிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அதன் பயனாக, இளமுகம் ஒன்றின்மேல் வலையைப் போர்த்தியதுபோல ஒரு விசித்திர உருவம் வந்து நிற்கிறது. விருத்தாப்பியம் முதலில் எலும்பிலும் பள்ளங்களிலும் இருக்கிறது. பொட்டுகள் உள்வாங்குகின்றன, பற்கள் போனபின் தாடையெலும்பு தேய்ந்து, மோவாய் மூக்கை நோக்கி மேலே வருகிறது, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழி விழுகிறது, கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் வளையம் படர்கிறது. இவற்றை நிழலால் அமைத்த பிறகு, சுருக்கங்களில் சிலவற்றை மட்டும் இறுதியில் போட்டால் போதும்.

ஆச்சியின் லட்சணம் முழுவதும் அவள் காதில் இருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய தலைமுறைப் பெண்களுக்குப் போலவே அவளுக்கும் சிறு பிராயத்திலேயே காது வடித்து, பின்னர் அரக்கு அடைத்த தங்கப் பாம்படம் பூட்டியிருந்தார்கள். அவள் வயதொத்த சிலர் நாகரிகம் கருதித் தொங்கும் மடலை அறுத்துத் தைத்துக்கொண்ட காலத்திலும் அவள் இணங்கவில்லை. பாம்படம் எந்தக் கல்யாணத்துக்காக விற்கப்பட்டது என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நகை போன பிறகு, தோளைத் தொடுமளவுக்கு இறங்கியிருந்த அந்த மடல், ஓரம் சற்றே தடித்து, உட்புறம் வழுவழுப்பாக, அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கணம் பிந்தியே திரும்பும். அந்தத் துவாரத்தின் வழியாகத் தலையணை உறையின் கோடுகள் தெரிந்ததை நான் வரைந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "காது சரியா இருக்கு, மூக்குதான் உங்க தாத்தா மூக்குல்லா!" என்றாள். விமரிசனம் நியாயமானதே, மறுநாள் மூக்கைத் திரும்ப எழுதினேன்.

தேய்ந்த சரீரத்தை உள்ளபடி எழுதுவது அவமரியாதை என்று நினைப்பவர்கள், ஜெர்மானியச் சித்திரக்காரர் ட்யூரர் 1514இல் தம் தாயார் பார்பராவைக் கரியால் எழுதிய படத்தைப் பார்க்க வேண்டும். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அறுபத்துமூன்றாம் வயதில், மரணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களே இருந்த அந்த அம்மாளின் கழுத்து நரம்பையும், விலகிய ஒற்றைப் பார்வையையும் மகன் மறைக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளம் ஏந்திப் பாடும் காரைக்காலம்மையாரை நம் ஸ்தபதிகள் வெண்கலத்தில் வார்த்து வணக்கத்துக்குரியவளாக வைத்துவிட்டார்கள். மேனி தேய்ந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஆனால் அவள் பாடிக்கொண்டிருப்பதையும் சேர்த்தே காட்டினார்கள். ஆச்சியையும் வெற்றிலை உரலில் பாக்கு இடிக்கும்போதும், பால்காரனோடு கணக்குப் பேசும்போதும் எழுதிய படங்களே தேறின. சும்மா படுத்திருக்கையில் எழுதியவற்றில் பாதிக்கு மேல் வெறும் நோயின் படங்கள்.

படுக்கையைவிட்டு அவள் எழுந்திராத கட்டம் வந்தபோது, சுவிட்சர்லாந்துச் சித்திரக்காரர் ஹோட்லர் எனக்குத் துணையானார். தம் காதலி வாலன்டீன், புற்றுநோயில் நலிந்து 1915 ஜனவரியில் மறையும் வரையில் அவர் இடைவிடாமல் எழுதிய படங்களை வரிசையாகப் பார்த்தால், நிமிர்ந்திருந்த உருவம் மெல்லச் சரிந்து, கடைசியில் படுக்கைக் கோடாகவே ஆகிவிடுவது புலப்படும். தலையணை எத்தனை உயரம், தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனித்தாலே நோயின் போக்கில் பெரும்பங்கு விளங்கிவிடும். முகத்தை நெருங்கித் துருவ வேண்டியதில்லை. அவளை எழுதக் கூடாத வேளைகளில் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியையும், விபூதிச் சம்புடத்தையும், கஞ்சி ஆறிய டம்ளரையும் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும், அன்று அவள் பேசிய பேச்சில் ஒரு வரியும் குறித்துவைப்பது மிகவும் உபயோகமான பழக்கம். பேச்சின் தொனிதான் எல்லாவற்றுக்கும் முன்பாக மறந்துபோகிறது.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கூர்த்த மூக்கு, குழிந்த கண், உள்வாங்கிய பொட்டு, குளிர்ந்த காது என்று மரணம் நெருங்கிய முகத்தின் அடையாளங்களைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் பழைய நூல் வரிசைப்படுத்தியிருக்கிறது. இவை தோன்றி, மூச்சும் வேகமெடுப்பதும் தணிவதும் இடையிடையே நின்று மீள்வதுமாக மாறிவிட்டால், பிறகு அவர் சம்மதிக்கவும் மறுக்கவும் வல்லவரல்லர். அந்தக் கட்டத்தில் நான் நோட்டைப் பீரோவில் வைத்துவிட்டேன். பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தவும், கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மோனே வரைந்தார் என்பதற்காக அவரைக் குறை கூறமாட்டேன். எனக்கு அது கூடவில்லை, அவ்வளவே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைத்தது ஸ்டூடியோவில் எடுத்த பழைய போட்டோவைத்தான். படங்களை வெளியே வைப்பதானால் அத்தை உள்ளிட்ட எல்லோரையும் கேட்டே வைப்பது என்றும், இரண்டு நோட்டுகளை எவருக்கும் காட்டுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி வரைவதற்கு ஒருவர் இருந்தால், வியாதி முற்றட்டும் என்று காத்திராமல், தம் மூக்கு சரியாக வரவில்லை என்று உங்களைக் கண்டிக்கும் தெம்பு அவருக்கு இருக்கும்போதே அனுமதி கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.