அவுன்சுக் கணக்கும் கிராம் கணக்கும்

தோட்டத்தில் பால் வெட்டுவோருக்கு எடையின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து வெட்டிய பாலைச் சுமந்து வந்து நிறுவைக் கொட்டகையில் வரிசை பிடித்து நிற்பவர், தராசின் முள்ளையும் கிராணியாரின் பேனாவையும் மாறி மாறிப் பார்ப்பது வழக்கம். ஒரு கிலோ குறைத்து எழுதப்பட்டால் கூலியில் குறையும் என்பதை அவர் நன்கறிவார். இத்தகைய விழிப்புடையவர்கள்கூட ‘அவுன்சு’ என்னும் சொல் காதில் விழுந்தால் சற்றுத் தயங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். இம்மாதப் பாடம் அந்தத் தயக்கத்தைப் பற்றியது. ஒரு சாரார் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிதாகையால், கணக்கை முதலில் முடித்துவிட்டு அவ்விடத்திற்கு வருவோம்.

நம் நாட்டில் ஒரே சந்தையில் மூன்று எடைமுறைகள் ஒருகாலத்தில் வழங்கின. வெள்ளையர் கொண்டுவந்த இராத்தலும் அவுன்சும் ஒன்று. கட்டியும் தாஹிலும் மற்றொன்று. கிலோவும் கிராமும் மூன்றாவது. 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்திற்குப் பின்னர் மெட்ரிக் முறை படிப்படியாக நாடெங்கும் நிலைபெற்றது. சீன மருந்துக்கடைகளில் தாஹில் இன்றும் வழங்குகின்றது. பெரியவர்கள் பேச்சில் கட்டியும் மறையவில்லை.

1 அவுன்சு என்பது 28.35 கிராம். 16 அவுன்சு ஓர் இராத்தல், அது 453.6 கிராம். 1 தாஹில் என்பது ஒன்றே மூன்றிலொரு பங்கு அவுன்சு, அதாவது 37.8 கிராம். 16 தாஹில் ஒரு கட்டி, அது 604.8 கிராம். இவற்றை மனத்தில் இருத்துவது கடினமாகத் தோன்றினால் ஒரு சுருக்கவழி உண்டு. அவுன்சை 28ஆல் பெருக்குங்கள்; பின்னர் அந்த அவுன்சு எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 3 அவுன்சுக்கு 84ஐயும் 1ஐயும் கூட்டினால் 85 கிராம். 6 அவுன்சுக்கு 168ஐயும் 2ஐயும் கூட்டினால் 170 கிராம். எதிர்த்திசையில் செல்வதற்கு, 100 கிராம் ஏறக்குறைய மூன்றரை அவுன்சு என்பதை நினைவில் வைத்தால் போதும். தாஹில் பழகியவர்கள் 3 தாஹில் 4 அவுன்சுக்குச் சமம் என்று கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவுன்சு என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உள்ளன. குழந்தையின் பால் புட்டியில் கோடிட்டுள்ள அவுன்சு எடையைக் குறிப்பதில்லை; அது நீர்ப்பொருளின் கொள்ளளவு, ஏறக்குறைய 30 மில்லி லிட்டர். உலகச் சந்தையில் தங்கத்தின் விலையைக் கூறும்போது சொல்லப்படும் அவுன்சு ‘டிராய்’ அவுன்சு, அது 31.1 கிராம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகை வாங்கச் செல்பவர், செய்தியில் கேட்ட அவுன்சு விலையை 28.35ஆல் வகுத்துப் பார்த்து, “கடைக்காரர் சொல்லும் கிராம் விலை குறைவாயிருக்கின்றதே” என்று மகிழ்ந்தால், அது தவறான மகிழ்ச்சி. இரண்டு அவுன்சுக்கும் இடையில் இரண்டே முக்கால் கிராம் வேறுபாடு உண்டு. வழக்கில் 8 கிராமாகக் கொள்ளப்படும் ஒரு பவுனில் அது மூன்றில் ஒரு பங்கு.

நகைக்கடையில் கணக்குப் பிழைத்தால் பணம் போகும். இனி நாம் சொல்லப்போகும் பொருளில் பணத்தோடு நிற்பதில்லை. கஞ்சாவைப் பற்றித்தான் சொல்கின்றோம். தோட்டத்துக் குடும்பங்களுக்கான ஏட்டில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கருதக்கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிள்ளான் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அவற்றின் பிள்ளைகளில் மோட்டார் சைக்கிளில் பொட்டலங்கள் கொண்டு சேர்க்கும் வேலையில் இருப்போரும் உண்டு. எழுதாமல் விடுவதே பிழை என்பது நமது கருத்து.

கஞ்சாவை அவுன்சில் பேசும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து படங்களின் வழியாகவும் பாடல்களின் வழியாகவும் வந்தது. அந்நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப் பின்னர், 21 வயது நிரம்பியவர் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம். அது ஓர் அவுன்சு என்று வைத்துக் கொள்ளலாம். கனடாவில் 2018 முதல் பொது இடத்தில் 30 கிராம் வரை அனுமதி உண்டு. ஆகவே ‘ஓர் அவுன்சு’ என்னும் சொல் சிறியதாகவும் தீங்கற்றதாகவும் ஒலிக்கின்றது. அதே ஓர் அவுன்சை நம் நாட்டுச் சட்டத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம்.

1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் கிராமில்தான் பேசுகின்றது. 20 கிராமுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிராம் முதல் 50 கிராமுக்குள் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு, கூடியது 5 ஆண்டு சிறை. அதனுடன் 3 முதல் 9 பிரம்படி. 50 கிராமும் அதற்கு மேலும் ஆனால் ஆயுள் சிறை, அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை; அதனுடன் பத்துக்குக் குறையாத பிரம்படி. 200 கிராமை எட்டிவிட்டால், வைத்திருப்பவர் அதைக் கடத்துகின்றார் என்றே சட்டம் அனுமானித்துக் கொள்ளும். அவ்வாறில்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும்.

இப்போது கணக்கைப் பொருத்துங்கள். ஓர் அவுன்சு 28.35 கிராம்; கலிபோர்னியாவில் தடையின்றி வைத்திருக்கக்கூடிய அளவு இங்கே குறைந்தது 2 ஆண்டு சிறையையும் பிரம்படியையும் கொண்டுவரும். இரண்டு அவுன்சு 56.7 கிராம், 50 கிராம் எல்லை தாண்டிவிட்டது. ஏழு அவுன்சு 198.45 கிராம், 200ஐத் தொட இன்னும் ஒன்றரை கிராம்தான் வேண்டும். விற்பவன் கைக்கணக்கில் ‘ஏழு’ என்று சொல்லிவிடுவான். வேதியியல் துறையின் ஆய்வாளர் நிறுத்துக் கிராமில் எழுதும் எண்ணே நீதிமன்றத்தின் முன் நிற்கும்.

கடத்தலுக்குரிய தண்டனை காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1975இல் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று இருந்தது. 1983இல் மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4 முதல் நடப்புக்கு வந்த பின்னர், மரண தண்டனையா, ஆயுள் சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்கின்றார். தூக்கு நீங்கிவிட்டது என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். கட்டாயம் மட்டுமே நீங்கியது. இருபது வயதில் உள்ளே போகும் ஒருவன் 30 ஆண்டு கழித்து வெளியே வரும்போது அவனுக்கு வயது 50. பெற்றோர் இருப்பார்களா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

‘கடத்தல்’ என்றதும் நாம் பெரும் பணக்காரர்களை நினைக்கின்றோம். சட்டத்தின் பொருள் அவ்வளவு குறுகியதன்று. விற்பது மட்டுமல்லாமல் வாங்குவதும், கொடுப்பதும், வைத்துக் காப்பதும், மறைப்பதும், சுமந்து செல்வதும், கொண்டு சேர்ப்பதும் அதில் அடங்கும். கூலியாக ஐம்பது ரிங்கிட் பெற்றுக்கொண்டு ஒரு பொட்டலத்தைப் பண்டமாரானிலிருந்து வேறோர் இடத்திற்கு எடுத்துச் சென்றவனும் அதற்குள் வருவான். போதைப்பொருள் அடங்கிய ஒன்று ஒருவரது வசத்தில் இருந்தால், அதனுள் இருப்பது இன்னதென்று அவர் அறிந்திருந்தார் என்றும் சட்டம் முதலில் அனுமானிக்கும். “அண்ணன் கொடுத்தார், நான் திறந்து பார்க்கவில்லை” என்பது வாயால் சொல்லிவிடக் கூடியது. மெய்ப்பிப்பது வேறு காரியம். இந்த அனுமானத்தின் மேல் கடத்தல் என்னும் அனுமானத்தையும் ஏற்றி வைக்க இடமளித்த ஒரு பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் செல்லாதென்று தீர்த்தது. ஆயினும் இரண்டு அனுமானங்களும் தனித்தனியே இன்றும் உயிரோடிருக்கின்றன.

தமிழகத்து உறவினரின் பேச்சும் சிலரைத் தவறாக நடத்தக்கூடும். அங்கே வெள்ளையர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளிலேயே கஞ்சா விற்கப்பட்டது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்று அது குற்றமே. எனினும் 1 கிலோ வரை ‘சிறு அளவு’ என்றும், 20 கிலோவுக்கு மேற்பட்டதே ‘வணிக அளவு’ என்றும் அங்கே வகுத்துள்ளனர். அங்கே சிறு அளவு எனப்படும் 1 கிலோ, இங்கே கடத்தல் எல்லையைப்போல் ஐந்து மடங்கு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டுமென்று மீண்டும் கட்டுப்படுத்தியது. ஹாட்யாயில் வாங்கியது எதுவாயினும், எல்லை கடந்ததும் நம் சட்டமே அதை நிறுக்கும். தெற்கே சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தினால் மரண தண்டனை. 1017.9 கிராம் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். அந்த எடை 36 அவுன்சுக்குச் சற்றுக் குறைவு; பழைய கணக்கில் ஒரு கட்டியும் 11 தாஹிலும்.

வீட்டில் எவரேனும் பிடிபட்டால் முதல் நாளே வழக்கறிஞரை நாடுங்கள். கைதின்போதும் தடுப்புக்காவல் விண்ணப்பத்தின்போதும் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் கட்டணமின்றி உதவுகின்றனர். பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் போலீசார் வரும்வரை காத்திராமல், தாமே தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் சென்று சிகிச்சை கேட்கலாம்.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்க மூன்று கணக்குகளைத் தருகின்றோம். 5 அவுன்சு எத்தனை கிராம்? கால் கட்டி எத்தனை கிராம்? ஒருவன் ‘அரை இராத்தல்தான்’ என்று சொல்லி ஒரு பையை நீட்டுகின்றான். அந்தப் பையில் எத்தனை கிராம்? முதலாவதன் விடை ஏறக்குறைய 142. இரண்டாவதன் விடை 151. மூன்றாவதற்கு 8 அவுன்சை 28ஆல் பெருக்கி, எட்டில் மூன்றிலொரு பங்கைக் கூட்ட வேண்டும்: 227 கிராம்.