ரிசப்ஷன் மேடைக்கு ஹைட்ரேஞ்சியாவா?

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் வேலியோரம் நீலமும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான் ஹைட்ரேஞ்சியா. ஒரு கொத்தே கை கொள்ளாது என்பதால் மேடை சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் தண்ணீரை விட்டு எடுத்தால் வெகுநேரம் தாங்காது. மாலைக்கும் தலைக்கும் மல்லிகையே போதும். இதை ஜாடியோடு நிறுத்துங்கள்.

வாங்கும்போது பாதி விரிந்த கொத்தைத் தள்ளிவிடுங்கள். முழுக்க விரிந்து, தொட்டால் காகிதம் போல விறைப்பாக இருப்பதுதான் நிற்கும். வெட்டிய காம்பில் பிசின் அடைத்துக்கொண்டால் நீர் ஏறாது. அதனால் காம்பைச் சாய்வாக வெட்டிய கையோடு நுனியைப் படிகாரத் தூளில் தொட்டு, தண்ணீரில் வையுங்கள். இலைகளை முக்கால்வாசி கிள்ளிவிடலாம்.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வாடிவிட்டதா? பதற வேண்டாம். கொத்தைத் தலைகீழாகக் குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரம் அமிழ்த்துங்கள். இதழ் வழியாகவும் நீர் குடிக்கும் பூ இது, பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நன்றாக உதறி வடியவிட்டு வையுங்கள், இல்லையென்றால் பட்டுப்புடவையில் சொட்டும்.

கேக் மேல் மட்டும் செருகாதீர்கள். தின்றால் நஞ்சு.