எந்தக் கட்-ஆஃபைக் கேட்கிறார்கள், கண்ணு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பென்னாகரம் பஸ்ஸிலும் அரூர் சந்தையிலும் ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்பார், நீ இன்னொன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாய். எதைக் கேட்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்.

1. உன்னுடைய கட்-ஆஃப். இன்ஜினியரிங்குக்கு 600க்கு எத்தனை என்ற பேச்சே வேண்டாம். தமிழும் இங்கிலீஷும் இதில் சேராது. கணக்கு மார்க் முழுசாக, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணக்கில் 84, பிசிக்ஸில் 77, கெமிஸ்ட்ரியில் 80 என்றால் 84 + 38.5 + 40 = 162.5. அந்த அரையை விழுங்கிவிட்டு "நூத்தி அறுபத்திரண்டு" என்று சொல்லாதே. அரை மார்க்கில் ரேங்க் எங்கேயோ போய்விடும். ஒரே கட்-ஆஃபில் இரண்டு பேர் நின்றால் முதலில் கணக்கு மார்க்கையும் அடுத்து பிசிக்ஸையும் பார்ப்பார்கள். வேளாண்மை, கால்நடை மருத்துவம் என்றால் பாடங்களைச் சேர்க்கும் விதமே வேறு. இந்தக் கணக்கை அங்கே கொண்டுபோகாதே.

2. காலேஜின் கட்-ஆஃப். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். காலேஜ் இதை முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. போன வருஷம் அந்தப் பிரிவில் கடைசியாக சீட் வாங்கிய பிள்ளையின் மார்க், அவ்வளவுதான். இந்த வருஷம் ஏறலாம், இறங்கலாம்.

- செட்டிக்கரை அரசு இன்ஜினியரிங் காலேஜைப் பார்க்கிறாயா? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் சிவிலுக்கும் தனித்தனியாகப் பார்.
- நீ எம்பிசி என்றால் எம்பிசி வரிசையையும் பார். ஓசி வரிசையை மட்டும் பார்த்துவிட்டு "எனக்குக் கிடைக்காது" என்று படுத்துக்கொள்ளாதே.
- சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆசைப்பட்டதை மேலே போடு. கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தானே இறங்கும்? இதற்கு என்ன கஞ்சத்தனம்!

3. தகுதிக் கட்-ஆஃப். நீட்டில் 'குவாலிஃபைடு' என்று வந்ததும் கேசரி கிண்டாதே. கவுன்சிலிங்குக்கு உள்ளே விடுகிறார்கள், அவ்வளவுதான். சீட் ரேங்கைப் பொறுத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்குத் தனி ரேங்க் உண்டு. இன்ஜினியரிங்கிலும் உண்டு, ஃபீஸை அரசே கட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் பொதுப் பிரிவு மார்க்கோடு உன்னை ஒப்பிடாதே.

4. கட்-ஆஃப் தேதி. நீட்டுக்கு, காலேஜில் சேரும் வருஷம் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிய வேண்டும். டிஎன்பிஎஸ்சியில் வயதை ஜூலை 1ஆம் தேதியை வைத்துப் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாள் சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்கு ஓடாதே. ஓடிபி வரும் நம்பர் உங்கள் வீட்டு நம்பராக இருக்கட்டும், கடைக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டு அப்புறம் அவர் பின்னால் அலையாதே. கவுன்சிலிங்கில் இடம் ஒதுக்கியதும், சொன்ன நேரத்துக்குள் உறுதி செய். "அப்பா வயலிலிருந்து வரட்டும்" என்று காத்திருந்தால் அந்த இடம் போய்விடும்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் இரண்டுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. விஏஓ, ஆர்ஐ, தாலுகா அலுவலகம் என்று பல மேசை தாண்டி வரவேண்டும்.