மறைந்திருப்பதைக் காட்டும் நீல ஒளி

பௌதிகவியல் பாடத்தில் நாம் கற்கும் அலைநீளம் ஓர் உயிரைக் காக்க உதவுமா? உதவும்.

சிலரது பெருங்குடலின் உட்சுவரில் 'பொலிப்' எனப்படும் சிறு வளர்ச்சிகள் தோன்றுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் 'அடினோமா' வகையைச் சேர்ந்த சில, பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாக மாறக்கூடும். ஆரம்பத்தில் வலியோ வேறு அறிகுறியோ பொதுவாக இருப்பதில்லை. ஆகவே தேடிப் பார்த்தே கண்டறிய வேண்டும்.

இதற்கு உதவுவது, நுனியில் விளக்கும் கமராவும் உள்ள வளையக்கூடிய குழாயான கொலனோஸ்கோப். 1969 இல் நியூயோர்க்கில் வைத்தியர்களான வில்லியம் வொல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் இக்குழாயினூடாகக் கம்பிக் கண்ணியைச் செலுத்திப் பொலிப்பை அகற்றினர். வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை.

ஆனால், தட்டையான பொலிப் சுற்றியுள்ள சுவரின் நிறத்திலேயே இருக்கும். சாதாரண வெண்ணொளியில் அது கண்ணுக்குத் தப்பிவிடலாம். இதற்கு ஒரு வழி, இண்டிகோ கார்மைன் என்னும் நீலச் சாயத்தைத் தெளிப்பது. சாயம் பள்ளங்களில் தேங்க, மேடுகள் தெளிவாகத் தெரியும்.

மற்றொரு வழி, ஜப்பானில் உருவான குறும்பட்டை ஒளிப்படிமமுறை. இதில் 415, 540 நனோமீற்றர் அலைநீளங்களை அண்டிய நீல, பச்சை ஒளிகள் மட்டுமே பயன்படுகின்றன. குருதியிலுள்ள ஈமோகுளோபின் இவ்வொளிகளை நன்கு உறிஞ்சுவதால் குருதிக்கலன்கள் கருமையாகத் தெரிகின்றன. அடினோமாவில் நுண்கலன்கள் செறிந்திருப்பதால் அது கபில நிறத்தில் எடுத்துக் காட்டும். பொலிப் எவ்வகையானது என ஊகிக்கவும் இது உதவும். இப்போது சந்தேகமான இடத்தைத் திரையில் கட்டமிட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துள்ளது.

எந்த ஒளியாயினும் குடல் சுத்தமாக இருந்தால்தான் பயன் தரும். முதல் நாள் தரப்படும் பேதி மருந்தை முழுமையாக அருந்த வேண்டும். வைத்தியரும் குழாயை அவசரமின்றி வெளியே எடுத்தபடி சுவரை ஆராய வேண்டும்; இதற்குப் போதிய நேரம் தேவை.

பெற்றோரே, குடும்பத்தில் எவருக்கேனும் பெருங்குடற் புற்றுநோய் இருந்திருந்தாலோ, மலத்துடன் குருதி வெளியேறினாலோ வைத்தியரை நாடுங்கள். நம் தாய்மார் பலர் இதைச் சொல்ல வெட்கப்பட்டே காலத்தைக் கடத்துகின்றனர். பொலிப்பாக இருக்கும்போதே அகற்றினால் அது புற்றுநோயாக மாற வாய்ப்பில்லை. தோழிகளே, இன்றே வீட்டில் இதைப் பற்றிப் பேசுங்கள்.