ஊர்தோறும் ஒரு மன்றம்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. உண்மைதான். ஆனால் முளை விடுவதற்கு நிலமும், நீர் ஊற்றுவதற்கு ஆளும் வேண்டும் அல்லவா? சிறந்த விளையாட்டு வீரர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று கேட்டால், "அது பிறவியிலேயே வர வேண்டும்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால், ஒரு சின்னஞ்சிறு கிராமம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நாட்டின் தலைசிறந்த வீரர்களைத் தந்து வருவது எப்படி? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கேள்விக்கு விடை தேடி அயர்லாந்து நாட்டின் ஹர்லிங் விளையாட்டைப் பற்றிப் படித்தோம். படித்ததை உங்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

அயர்லாந்து நமக்கு அந்நியமான நாடன்று. 1842ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து கன்னியர் கப்பலேறிச் சென்னைக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய தாய்நாட்டின் பெருமைக்குரிய விளையாட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆட்டத்தின் இயல்பு

ஹர்லிங் மிகப் பழமையான ஆட்டம். பார்ப்பதற்கு ஹாக்கி போலத் தோன்றினாலும் வேகமும் விதிகளும் வேறு. அணிக்கு 15 பேர். ஆடுகளத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். ஆஷ் என்னும் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டைக்கு ஹர்லி என்று பெயர். தோல் உறையிட்ட சிறிய பந்துக்குச் சிலிட்டர் என்று பெயர். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கவும் செய்யலாம். ஆனால் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையாலோ காலாலோ தூக்கித்தான் எடுக்க வேண்டும். பந்தை மட்டையின் நுனியில் ஏந்தியபடியே ஓடுவதும் உண்டு! ஆங்கில எச் எழுத்தைப் போன்ற கம்பத்தில், குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் அது ஒரு கோல். அதற்கு 3 புள்ளிகள். கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி.

பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் காமோகி என்று பெயர். அதற்கென 1904ஆம் ஆண்டிலேயே தனி அமைப்பு தோன்றிவிட்டது. 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கையும் காமோகியையும் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

பங்கே அணி

1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், டிப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் நகரில் ஒரு விடுதியில் சிலர் கூடினார்கள். மைக்கேல் கியூசாக் என்பவரும் அவருடைய தோழர்களும் அன்று தொடங்கியதே கேலிக் விளையாட்டுச் சங்கம். அந்நியர் ஆட்சியில் மங்கிக்கொண்டிருந்த நாட்டு விளையாட்டுகளுக்கு மீண்டும் உயிரூட்டுவதே அதன் நோக்கம். சங்கத்தின் முதல் காப்பாளர்களுள் ஒருவர் பேராயர் குரோக். 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த மாபெரும் மைதானத்தின் அடித்தளம் எங்கே இருக்கிறது தெரியுமா? பங்குகளில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பங்கின் எல்லையே ஒரு மன்றத்தின் எல்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரின் மன்றத்துக்காகவே ஒருவர் ஆடுவது மரபு. மன்றங்களில் சிறந்து விளங்குவோர் மாவட்ட அணிக்குத் தேர்வாகிறார்கள். மாவட்டங்கள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியே ஆண்டின் உச்சத் திருவிழா. அதில் ஆடுவோருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் முன் ஆடியவர், திங்கட்கிழமை வகுப்பறையிலோ வயலிலோ தம் வேலையைப் பார்க்கிறார். அதனால்தான் ஊர்க் குழந்தைகள் அவரைத் தொலைவில் உள்ள நட்சத்திரமாகக் காணாமல், அடுத்த வீட்டு அண்ணனாகவே காண்கிறார்கள்.

சிறார்களை வளர்க்கும் முறை

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருகிறோம். சிறு மன்றங்கள் இளந்திறமையை எவ்வாறு வளர்க்கின்றன?

முதலாவது, குழந்தைக்கு ஏற்ற கருவி. பெரியவர்களின் மட்டையைச் சிறுவரிடம் கொடுத்தால் கை வலிக்கும், அடி தவறும், மனம் வெறுத்துப் போகும். ஆகவே உயரத்துக்குத் தகுந்த சிறு மட்டையும், அடித்தால் வலிக்காத மெதுவான பந்தும் கொடுக்கிறார்கள். தலைக்கவசம் இன்றி ஆட அனுமதி இல்லை. 2010 முதல் பெரியவர்களுக்கும் அது கட்டாயம்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஆட்டம். சிறு வயதினருக்குச் சிறிய களத்தில், குறைந்த ஆட்களைக் கொண்டு ஆட்டம் நடத்துகிறார்கள். வந்த குழந்தைகள் அத்தனை பேரும் ஆட்டம் முழுவதும் ஆட வேண்டும் என்பதே விதி. வெற்றி தோல்விக்கு அங்கே முதலிடம் இல்லை. ஏன் இப்படி? பத்து வயதில் உயரமாக இருப்பவர் நன்றாக ஆடுவது போலத் தோன்றுவார். குள்ளமாக இருப்பவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால், பதினாறு வயதில் அவர் வளர்ந்து நிற்கும்போது கையில் மட்டை இருக்காது. பத்து வயதில் வலியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் மன்றம் அந்த ஆண்டின் கோப்பையை வெல்லக்கூடும். ஆனால் பின்னால் வரவிருந்த நல்ல வீரரை இழந்துவிடும். முந்நூறு பிள்ளைகள் உள்ள ஊர் முப்பது பேரை இழந்தாலும் தாங்கும். முப்பதே பிள்ளைகள் உள்ள சிற்றூர் ஒருவரையும் இழக்க முடியாது. சிறுமையே அங்கே பெருமையாகி விடுகிறது!

மூன்றாவது, சொல்லிக் கொடுக்க ஆள். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் ஊர்ப் பெற்றோர்களே, முன்னாள் ஆட்டக்காரர்களே. ஊதியம் இல்லாமல் மாலை நேரத்தைக் கொடுக்கிறார்கள். தனியே பழகுவதற்கும் வழி உண்டு. சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைப் பிடித்து, வலப்பக்கம் நூறு, இடப்பக்கம் நூறு என்று அடித்துப் பழகுவார்கள். பல மன்றங்கள் இதற்கென்றே உயரமான சுவர் எழுப்பியிருக்கின்றன. சுவருக்கு அலுப்பும் இல்லை, கோபமும் இல்லை!

1971ஆம் ஆண்டு டிப்பரேரியில் தொடங்கிய சிறார் விழாவையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபேலா நா கேல் என்பது அதன் பெயர். வெளியூர்களிலிருந்து வந்த சிறுவர் சிறுமியரைப் பல ஆண்டுகள் உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டுப் பிள்ளைகளாகத் தங்க வைத்துச் சோறிட்டன. களத்தில் எதிரணி, வீட்டில் விருந்தாளி! இதைவிட நல்ல பாடம் உண்டோ?

கண்கூடான சான்று

கில்கென்னி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம்தான். ஆயினும் அகில அயர்லாந்துக் கோப்பையை 36 முறை வென்ற மாவட்டம் அது. அம்மாவட்டத்தின் பாலிஹேல் ஒரு சிறு கிராமம். அதன் மன்றம் 1972இல் உருவானது. 1981க்கும் 2023க்கும் இடையே மன்றங்களுக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தை 9 முறை வென்றது. 1981இல் வென்ற அணியில் ஃபென்னெல்லி குடும்பத்தின் உடன்பிறந்தோர் ஏழு பேர் ஆடினார்கள்! மாவட்ட அணிக்காக 10 பதக்கங்கள் வென்ற ஹென்றி ஷெஃப்லின் இதே ஊர் மன்றத்தின் பிள்ளை.

பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? அதே கில்கென்னியின் ஆஞ்செலா டவுனி, ஆன் டவுனி என்னும் இரட்டைச் சகோதரியர் 1974க்கும் 1994க்கும் இடையே ஆளுக்கு 12 பதக்கங்கள் வென்றார்கள். அவர்களுடைய தந்தையும் கில்கென்னி அணிக்கு ஆடியவரே.

இன்றைய இடர்கள்

எல்லாம் இனிதே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேலை தேடி இளைஞர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போவதால், சில சிற்றூர்களில் 15 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிறது. அங்கே பக்கத்து ஊர் மன்றங்கள் பழைய போட்டியை மறந்து சிறார் அணிகளை ஒன்றாக இணைக்கின்றன. ஆஷ் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது. மட்டை செய்ய மரம் அரிதாகவே, மூங்கிலில் செய்த மட்டைகளும் களத்துக்கு வந்துள்ளன.

இவற்றைவிட எங்கள் நெஞ்சைத் தொட்ட இடர் வேறொன்று. பதின்மூன்று, பதினான்கு வயதானதும் சிறுமியர் பலர் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். தேர்வு, வெட்கம், "இனி உனக்கு விளையாட்டு எதற்கு?" என்னும் பேச்சு ஆகியவை அதற்குக் காரணங்கள். தோழியரே, இதைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். பொதுத் தேர்வு எழுதப்போகும் எங்களில் எத்தனை பேர் சென்ற ஆண்டோடு வளையப்பந்தைத் தொடுவதை விட்டுவிட்டோம்! விளையாட்டு நாளில் பரிசு பெறுபவர் ஐந்தாறு பேர். கைதட்டுபவர் ஐந்நூறு பேர். கைதட்டும் கைகளுள் மட்டை பிடிக்க வேண்டிய கைகள் எத்தனையோ!

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, எங்களுக்குக் குரோக் பார்க் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதும், வகுப்புக்கு ஓர் அணியும், "நீயும் வா" என்று அழைக்கும் ஒரு குரலும் போதும். தேர்ந்தெடுத்த பிறகு ஆட வைப்பது எளிது. ஆட வைத்த பிறகு தேர்ந்தெடுப்பதே நியாயம். பாலிஹேல் என்னும் சிற்றூர் உலகுக்குச் சொல்லும் பாடம் இதுவே.