எந்தப் படிவத்தை முதலில் திறப்பது?

அன்புமிக்க இளம் புள்ளியியலாளருக்கு,

தில்லி ஜனக்புரியில் குடியிருந்து, காலையில் மெஜந்தா தட மெட்ரோவில் ஏறி, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் களப்பணிப் பிரிவுக்குச் செல்லும் ஒருவர், தொழில்துறைத் தரவுகளின் சரிபார்ப்பில் புதிதாக ஈடுபடும்போது, முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வந்து சேரும் ஒவ்வொரு படிவத்தையும் மாசற்றதாக்குவது இப்பணியின் நோக்கமாகாது. வெளியிடப்படும் மொத்தங்களைப் பிழைகள் பாதிக்காதவாறு காப்பதே நோக்கமாகும். தெரிவுமுறைத் தரவுத் திருத்தம், அதாவது மொத்தத்தைப் புரட்டக்கூடிய பதிவுகளை மட்டும் தேர்ந்து மனிதர் ஆராய, மற்றவற்றைப் பெரிதும் அப்படியே விட்டுவிடும் முறை, இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கிறது.

இந்தியாவில் இதற்கு மிகப் பொருத்தமான களம் ஆண்டுத் தொழில் ஆய்வு ஆகும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஆலைகளைத் தழுவி வளர்ந்த இந்த ஆய்வு, முன்பு 1953ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின்கீழும், இப்போது அதே பெயருடைய 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் நடைபெறுகிறது. பெரிய ஆலைகள் ஒன்றுவிடாமல் கணக்கெடுக்கப்படுகின்றன; மற்றவற்றிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாதிரி ஆலைக்கும் அது எத்தனை ஆலைகளுக்காகப் பேசுகிறது என்பதைக் காட்டும் எடை வழங்கப்படுகிறது. நிலைச்சொத்து, தொழிலாளர், மூலப்பொருள், உற்பத்தி என்று பல பகுதிகளாக விரியும் படிவத்தில், ஐயத்துக்கிடமான எண் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்கத் தொடங்கினால், ஆலையின் கணக்காளரும் சோர்ந்துபோவார், அலுவலகமும் காலம் தாழ்த்தும். சட்டத்தின் வலிமையோடு கேட்கப்படும் கேள்வி என்பதனாலேயே அதைச் சிக்கனமாகக் கேட்பது அறமாகிறது.

தேர்வுக்குரிய மதிப்பெண் என்பது தாக்கம், ஐயம் ஆகிய இரண்டின் பெருக்கமாக அமைகிறது. ஆலை அளித்த எண்ணுக்கும் அதனிடம் எதிர்பார்க்கத்தக்க எண்ணுக்கும் உள்ள இடைவெளியை எடையால் பெருக்கி, வெளியிடப்படவுள்ள மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது தாக்கம். அந்த எண் பிழையாக இருக்கக்கூடிய வாய்ப்பின் அளவு ஐயம். கனடாவின் புள்ளியியல் அலுவலகத்தைச் சேர்ந்த லட்டூஷ், பெர்த்தலோ ஆகியோர், எந்த நிறுவனத்தை மீண்டும் அணுகுவது என்பதை இத்தகைய மதிப்பெண்ணால் முடிவு செய்யும் வழியை 1992இல் விளக்கினர். எடுத்துக்காட்டாக, திருப்பெரும்புதூரிலுள்ள பெரிய ஆலை ஒன்றின் எடை 1 என்றும் அதன் உற்பத்தி மதிப்பில் 2 கோடி ரூபாய் இடைவெளி என்றும், ஜனக்புரியை அடுத்த மாயாபுரியின் சிறு பட்டறை ஒன்றின் எடை 8 என்றும் அதன் இடைவெளி 40 லட்சம் என்றும் கொண்டால், பட்டறையின் எடையால் பெருக்கிய இடைவெளி 3.2 கோடியாகி, ஐயம் சமமாயின் நாட்டின் மொத்தத்துக்கு அதுவே முதலில் பார்க்க வேண்டியதாகிறது. ஆலையின் பெயரும் பருமனும் தேர்வுக்கு அளவுகோலாகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மாநில வாரியாகவும் தொழில் வாரியாகவும் முடிவுகள் வெளியாவதால் வகுக்கும் மொத்தமும் அந்தந்தப் பிரிவினுடையதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தமிழ்நாடு, குஜராத் போன்ற தொழில் மிகுந்த மாநிலங்களின் ஆலைகளே பட்டியலை நிறைக்க, திரிபுராவின் அட்டவணை கவனிப்பாரற்றுப் போகும்.

மதிப்பெண் இடுவதற்கு முன்னரே களைய வேண்டிய பிழைகளும் உள்ளன. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கணக்கறிக்கையின் எண்களை லட்சத்திலோ கோடியிலோ முழுமையாக்கிக் காட்ட இடமளிக்கிறது. ரூபாயில் கேட்கும் படிவத்தில் அந்த எண் அப்படியே ஏறிவிட்டால் மதிப்பு லட்சம் அல்லது கோடி மடங்கு சுருங்கிவிடும். டன்னும் கிலோவும் மாறிப்போவதும் இத்தகையதே. சென்ற ஆண்டு விகிதத்தையோ அலகு விலையையோ கொண்டு கணினியே கண்டு திருத்தக்கூடிய இவற்றை மனிதரின் மேசைக்கு அனுப்புவது வீண்.

எதிர்பார்ப்பு மதிப்பை வகுப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்படும் பெரிய ஆலைக்குச் சென்ற ஆண்டின் எண் துணைநிற்கும். மாதிரியில் புதிதாக வரும் ஆலைக்கு அது கிடைக்காது என்பதால், அதே தொழிலின் இடைநிலை விகிதங்களை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவற்றை, நாட வேண்டும். உற்பத்தி மதிப்பையும் உள்ளீட்டுச் செலவையும் தனித்தனியே நோக்கினால் சிறிதாகத் தெரியும் இடைவெளி, இரண்டின் கழித்தலாகிய மதிப்புக் கூட்டலில் பெரிதாகிவிடும் என்பதால், அதற்கும் தனி மதிப்பெண் வேண்டும். இவ்வளவு செய்த பின்னரும், எதிர்பார்ப்பு மதிப்பு உண்மையாகிவிடாது. 2020 மார்ச் இறுதியில் நாடு முடங்கியபோது உற்பத்தி சரிந்த ஆலைகள் அனைத்தும், பழைய ஆண்டை அளவுகோலாகக் கொண்ட எந்தக் கணக்கிலும் ஐயத்துக்குரியனவாகவே தோன்றும். அவற்றைப் பழைய நிலைக்கு இழுத்துத் திருத்தும் அலுவலர், நாட்டில் நிகழ்ந்ததையே அழித்தவராவார். மதிப்பெண் கேள்வி கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. விடையை ஆலைதான் தர வேண்டும்.

வெட்டுப்புள்ளியை, அதாவது எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே கைவைக்காமல் விடலாம் என்னும் எல்லையை, ஊகத்தால் நிறுவக் கூடாது. முழுமையாகத் திருத்தப்பட்ட பழைய ஆண்டொன்றை எடுத்து, மூலப் பதிவுகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திய மதிப்பை இட்டுக்கொண்டே வந்தால், எஞ்சும் பிழை மாதிரியெடுப்பால் வரும் பிழையைவிட மிகச் சிறிதாகும் இடம் தெரியும், அங்கே நிற்கலாம். ஆயினும் விடப்பட்டவை அனைத்தும் தீங்கற்றவை என்று நம்புவது ஆபத்தானது. ஒப்பந்ததாரர் வழி வேலை செய்வோரைச் சிறு ஆலைகள் பலவும் எண்ணாமல் விட்டால், தனித்தனியே எதுவும் எல்லையைத் தாண்டாது. கூட்டினால் நாட்டின் தொழிலாளர் எண்ணிக்கையே குறைந்துவிடும், விடுபட்டுப்போவோரோ பாதுகாப்பு மிகக் குறைந்த தொழிலாளர்களாவர். ஆகவே எல்லைக்குக் கீழுள்ள படிவங்களிலிருந்தும் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்து முழுமையாக ஆராய வேண்டும். அங்கே ஒரே பிழை திரும்பத் திரும்ப வருமானால், திருத்த வேண்டியது படிவத்தின் கேள்வியையும் களப்பணியாளரின் பயிற்சியையும்தான்.

இவையனைத்துக்கும் முன்நிபந்தனை ஒன்றே: ஆலை முதலில் எழுதிய எண், திருத்திய எண், திருத்தியதன் காரணம் ஆகிய மூன்றும் தனித்தனியே நிலைத்திருக்க வேண்டும். மூலப் பதிவின்மேலேயே திருத்தத்தை எழுதிவிடும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், வெட்டுப்புள்ளியை நிறுவ வழியே இல்லாமல் போகும். மதிப்பெண் சூத்திரத்தைப் பற்றிய விவாதத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு, அந்த வழக்கத்தைப் பணியேற்ற முதல் ஆண்டிலேயே நிறுத்தும்படி இளம் புள்ளியியலாளரை இக்கடிதம் வேண்டுகிறது.